ஜொகூரைப் பார்க்க வந்த நண்பன்

1

சென்ற ஞாயிற்றுக்கிழமை தஞ்சாவூர்ப் பக்கத்து மனிதர் ஒருவர் சிங்கப்பூரிலிருந்து பஸ் ஏறி வந்து, யார் யாரையோ விசாரித்துக்கொண்டு என் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டார். அவருக்கு ஜொகூர் பாருவைச் சுற்றிக் காட்டவேண்டுமாம். எனக்குக் காய்ச்சல் என்றேன்.

"பார்த்தா காய்ச்சல்காரர் மாதிரி இல்லையே" என்றார்.

"இந்த ஊர்க் காய்ச்சல் வெளியே தெரியாது" என்றேன்.

மனிதருக்கு முகம் சுண்டிவிட்டது. ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்விட்டார். மலாய் நாட்டில் நாலு காசு பார்த்தவன் ஊர்க்காரனை மதிப்பதில்லை என்று அவர் கப்பலிலும் சொல்லுவார், ஊரிலும் சொல்லுவார். சொல்லிவிட்டுப் போகட்டும்.

முன்பெல்லாம் நான் இப்படி இல்லை. ஊரிலிருந்து ஆள் வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டால் போதும், ரப்பர் கிடங்கில் அரைநாள் லீவு சொல்லிவிட்டு ஓடுவேன். சிங்கப்பூருக்கும் ஜொகூருக்கும் நடுவிலுள்ள கடலில் கல்லைக் கொட்டிச் சாலை எழுப்பியதிலிருந்து வருகிறவர்களுக்கும் குறைவில்லை. அதைப் பாலம் என்றுதான் நாங்கள் சொல்கிறோம். ரயிலும் அதன் மேலேயே போகிறது. பாலத்தைக் கடந்து வந்தால் மேட்டின்மேல் மசூதி, கடலோரச் சாலை, சுல்தான் அரண்மனைத் தோட்டம், மிருகங்கள் அடைத்திருக்கும் காட்சிசாலை. ஒரு பகலில் பார்த்து முடித்துவிடலாம். எத்தனை பேருக்குக் காட்டியிருப்பேனோ, நினைவில்லை. கடைசியாகக் காட்டியது வைத்திலிங்கத்துக்கு.

2

வைத்திலிங்கமும் நானும் கும்பகோணத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்கள். அவன் மேலே படித்து வக்கீலானான். நான் பரீட்சையில் தவறி, செனாய்ப் பக்கத்தில் ஒரு ரப்பர்த் தோட்டத்துக்குக் கிராணியாக வந்து சேர்ந்தேன். கூலிகளின் பேர் கூப்பிட்டு, கணக்கு எழுதி, துரைக்கு முன்னால் நிற்கிற வேலைக்கு இங்கே கிராணி என்று பேர். பிற்பாடு ரப்பர் விலை விழுந்து தோட்டம் கைமாறியபோது ஜொகூர் பாருவுக்கு வந்து ஒரு கிடங்கில் கணக்கராக அமர்ந்தேன்.

வைத்திலிங்கம் வருவதாக எழுதியதும் என் மனைவி செல்லம்மாளுக்குத் தரையில் கால் பாவவில்லை. அதற்குக் காரணம் இருந்தது. எங்களுக்கு ஊருக்குத் திரும்பிவிடவேண்டும் என்ற எண்ணம் அப்போது பலமாக இருந்தது. செல்லம்மாளுக்கு இந்த ஊர் ஈரம் ஒத்துக்கொள்ளவில்லை, மூச்சு இரைப்பு. ஊரில் எங்களுக்கென்று ஒண்டுவதற்கு இடமில்லை. வைத்திலிங்கம் பெரிய மனிதன். கும்பகோணத்தில் ஒரு வீடு பார்த்துக் கொடுத்து, எங்கள் மகள் மங்களத்தைப் பெண்கள் பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட ஒரு வார்த்தை சொன்னானானால் மற்றதை நாங்கள் பார்த்துக்கொள்வோம். அதை நேரில் கேட்டுவிடவேண்டும் என்று இருந்தோம்.

மங்களத்தைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். அவள் சீனக் குழந்தை. தோட்டத்துக்குப் பக்கத்தில் காய்கறி பயிரிட்டுவந்த ஒரு சீனனுக்குப் பிறந்தவள். தாய் பிரசவத்தில் போய்விட்டாள். அந்த மனிதன் கீரை கொண்டுவருகிற கூடையிலேயே குழந்தையைக் கொண்டுவந்து எங்கள் வாசலில் வைத்துவிட்டுக் கைகட்டி நின்றான். அப்போது செல்லம்மாள் தன் இரண்டாவது பிள்ளையையும் மண்ணுக்குக் கொடுத்துவிட்டு, மார்பில் கட்டின பாலோடு கிடந்தாள். அவள் என்னைக் கேட்கவில்லை. எழுந்து போய்க் கூடையிலிருந்து எடுத்துப் பால் கொடுத்தாள். பிறகு துரையின் முன்னால் அந்தச் சீனன் ஒரு காகிதத்தில் கைநாட்டு வைத்தான். இந்த நாட்டில் இது அதிசயமில்லை. எத்தனையோ தமிழ் வீடுகளில் சீனப் பெண்கள் மகள்களாக வளர்கிறார்கள், தாலி கட்டிக்கொண்டு போகிறார்கள்.

ஊரில்தான் இது அதிசயம். மங்களம் நடை பழகிய காலத்தில் ஒருமுறை ஊருக்குப் போயிருந்தோம். என் தங்கை மகள் கல்யாணத்தில் பந்தி போட்டபோது யாரோ ஒரு பெரியம்மாள் செல்லம்மாளின் காதோடு காதாக வந்து, குழந்தையை மட்டும் கொல்லைப் பக்கம் தனியாக உட்கார வைக்கும்படி சொன்னாள். செல்லம்மாள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு தானும் கொல்லைப் பக்கமே போய், எச்சில் இலை விழுகிற இடத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டாள். கல்யாண வீட்டில் ஒருவர்கூட அவளை எழுந்து உள்ளே வா என்று கூப்பிடவில்லை. நானும் உள்பந்தியிலிருந்து எழுந்து அவர்கள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அதற்கு மேலும் செல்லம்மாளுக்கு ஊர் ஆசை விட்டதா என்றால், விடவில்லை.

3

வைத்திலிங்கம் காலையில் வந்தான். கோட்டும் சரிகைத் தலைப்பாகையும் கழுத்தில் தொங்கும் காமிராவுமாக ஆள் பார்க்க ஜோராக இருந்தான். என்னைக் கட்டிக்கொண்டான். "நடேசா, எப்படியடா இந்தக் காட்டுல இத்தனை வருஷம் இருந்தே?" என்றான். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

மங்களம் வந்து அவன் காலைத் தொட்டுக் கும்பிட்டாள். அப்போது அவளுக்குப் பன்னிரண்டு வயதிருக்கும். எண்ணெய் வைத்து இரட்டைப் பின்னல் போட்டு, நெற்றியில் பொட்டு வைத்துப் பாவாடை தாவணியில் இருந்தாள்.

"வாங்க மாமா. கப்பல்ல தலை சுத்திச்சா?"

வைத்திலிங்கம் கைகொட்டிச் சிரித்தான். "அடடே! என்ன சுத்தமா பேசுறது! இன்னொரு தரம் பேசச் சொல்லேன்!"

அவள் இன்னொரு தரம் கேட்டாள். அவன் மறுபடியும் சிரித்தான்.

வண்டிக்குக் காதர் பாயை ஏற்பாடு செய்திருந்தேன். பாய் நாகூர்க்காரர். பசார் முனையில் சாப்பாட்டுக் கடை வைத்திருப்பவர். பழைய மோட்டார் கார் ஒன்று அவரிடம் இருந்தது. எனக்காகக் கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு அவரே ஓட்டிக்கொண்டு வந்தார்.

அன்று காலை சந்தோஷமாகத்தான் கழிந்தது. அதை மறுக்கமாட்டேன். மசூதி மேட்டில் நின்று கடலுக்கு அப்பால் சிங்கப்பூரைப் பார்த்தோம். காதர் பாய் கிண்டல் செய்தபடியே இருந்தார். வைத்திலிங்கம் எங்கள் பழைய கணக்கு வாத்தியாரைப்போலப் பேசிக் காட்ட, நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். அப்படிச் சிரித்து வருஷக்கணக்காகியிருந்தது. மங்களம் வழிநெடுகப் பெயர்ப் பலகைகளைப் படித்து, மலாய் வார்த்தைகளுக்கு அர்த்தம் சொல்லிக்கொண்டே வந்தாள். "மாமா, பையைக் குடுங்க, நான் தூக்கிட்டு வரேன்" என்று அவன் தோல் பையையும் குடையையும் வாங்கிக்கொண்டாள். விருந்தாளிக்குச் செய்கிற மரியாதை. நாங்கள் சொல்லிக் கொடுத்ததுதான்.

காட்சிசாலையில் புலிக் கூண்டுக்கு எதிரில் அவளை அந்தப் பையோடும் குடையோடும் நிறுத்திப் படம் பிடித்தான். நாங்களும் சேர்ந்து நிற்கிறோம் என்றேன். "இரு, இது தனியா இருக்கட்டும். நம்ம பாஷை பேசுற சீனக் கிளி! புலியைக் காட்டிலும் இதுதாண்டா உங்க ஊர்ல பெரிய காட்சி" என்றான்.

காதர் பாய் சிரிக்கவில்லை. "வக்கீலய்யா, அது கிராணியாரு புள்ள" என்றார்.

"தெரியும் பாய், விளையாட்டுக்குச் சொன்னேன்."

நானும் விளையாட்டு என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

மத்தியானம் வீட்டில் செல்லம்மாள் எலுமிச்சம்பழச் சாதமும் தேங்காய்ப் பாயசமுமாக அமர்க்களப்படுத்தியிருந்தாள். சாப்பாட்டுக்குப் பிறகு வெற்றிலைத் தட்டை அவன் முன்னால் வைத்துவிட்டுக் கதவோரம் நின்றாள். நான் வீட்டு விஷயத்தைச் சொன்னேன். பள்ளிக்கூட விஷயத்தையும் சொன்னேன்.

வைத்திலிங்கம் வெற்றிலைக் காம்பை நிதானமாகக் கிள்ளினான். "வீடு பார்க்கலாம். அது ஒண்ணும் பிரமாதமில்லை. ஆனா இந்தப் பெண்ணை... இங்கேயே நல்ல இடமா பார்த்து விட்டுட்டு வந்தா உங்களுக்கு நல்லதில்லையா?"

"விட்டுட்டுன்னா?" என்றாள் செல்லம்மாள்.

"சீனாக்காரங்க யாராவது வெச்சுப்பாங்களே, அம்மா. அவங்க ஜாதிதானே?"

செல்லம்மாள் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அந்தப் பேச்சு அதோடு நின்றது. விருந்தாளியிடம் சண்டை போடக்கூடாதென்று நானும் வேறு பேச்சுக்குப் போனேன். மங்களம் அப்போது கிணற்றடியில் இருந்தாள். அவள் காதில் விழுந்ததா என்று இன்றுவரைக்கும் எனக்குத் தெரியாது.

4

சாயங்காலம் அவனைச் சிங்கப்பூரில் கொண்டுபோய் விடக் கிளம்பினோம். மறுநாள் காலையில் அவனுக்குக் கப்பல். மங்களம் தானும் வருவேன் என்றாள். துறைமுக விளக்குகளைப் பார்க்க அவளுக்கு ஆசை. செல்லம்மாள் அனுப்பிவைத்தாள்.

பாலத்தின் ஜொகூர் முனையில் வண்டிகளை நிறுத்திச் சோதனை செய்துகொண்டிருந்தார்கள். அந்தச் சமயத்தில் சர்க்கார் ஒரு விஷயத்தில் கடுமையாக இருந்தது. பணக்காரர்கள் சீனச் சிறுமிகளை விலைக்கு வாங்கி வீட்டு வேலைக்கு வைத்துக்கொண்டு அடித்து வதைத்துவந்தார்கள். அப்படி வைத்திருப்பவர்கள் பெண்ணைப் பதிவு செய்யவேண்டும், செய்யாவிட்டால் குற்றம் என்று சட்டம் வந்திருந்தது. நல்ல சட்டம்தான்.

மலாய் இன்ஸ்பெக்டர் ஒருவர் காருக்குள் குனிந்து பார்த்தார். தமிழர்கள் மூன்று பேர், நடுவில் ஒரு சீனப் பெண். யார் இந்தப் பெண் என்று இங்கிலீஷில் கேட்டார்.

நான் பின்சீட்டில் இருந்தேன். வாயைத் திறப்பதற்குள் முன்சீட்டிலிருந்த வைத்திலிங்கம் கோர்ட்டில் பேசுகிற தோரணையில் பதில் சொல்லிவிட்டான். என் நண்பர் வீட்டு வேலைக்காரப் பெண் என்றான்.

இன்ஸ்பெக்டர் கதவைத் திறந்து எங்களை இறங்கச் சொன்னார்.

போலீஸ் ஸ்டேஷனில் மங்களத்தைத் தனி அறையில் உட்கார வைத்தார்கள். கதவு திறந்திருந்ததால் எனக்கு அவள் தெரிந்தாள். சீன மொழி தெரிந்த குமாஸ்தா ஒருவர் வந்து அவளிடம் அன்பாகத்தான் ஏதோ கேட்டார். அவளுக்குப் புரியவில்லை. வேறொரு சீனப் பேச்சில் கேட்டார். அதுவும் புரியவில்லை. அவள் மலாயில், எனக்குச் சீனம் தெரியாது என்றாள். குமாஸ்தா இன்ஸ்பெக்டரைத் திரும்பிப் பார்த்தார். தாய்மொழியே மறக்கும்படி இவளை எங்கே அடைத்து வைத்திருந்தார்கள் என்று கேட்பதுபோல இருந்தது அந்தப் பார்வை. பிறகு அவள் கைகளை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். புறங்கையில் தோசைக்கல் சுட்ட ஒரு பழைய தழும்பு இருந்தது.

"அப்பா, எதுக்குப்பா கையைப் பார்க்குறாங்க?" என்று அவள் அங்கிருந்தே கத்தினாள்.

நான் இன்ஸ்பெக்டரிடம், அவள் என் மகள், வளர்ப்பு மகள் என்று சொன்னேன். "நீங்கள் மகள் என்கிறீர்கள். உங்கள் சிநேகிதரோ, அவர் ஒரு வக்கீலாம், வேலைக்காரி என்கிறார். இதில் எது பொய்?" என்றார் அவர். நியாயமான கேள்வி.

வைத்திலிங்கத்தைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். அவன் ஒரே வாக்கியத்தில் முடித்திருக்கலாம். நான் தவறாகச் சொல்லிவிட்டேன், அவள் இவர்கள் மகள் என்று சொன்னால் போதும். அவன் சொல்லவில்லை. கருணையினால் எடுத்து வளர்க்கிறார்கள், சட்டப்படி தத்து உண்டா என்பது தனக்குத் தெரியாது, தான் இந்த ஊருக்குப் புதியவன் என்றான். ஒவ்வொரு வார்த்தையையும் பார்த்துப் பார்த்து வைத்தான். அவனுக்கு அவன் கப்பல்.

வெளியே வந்து என்னிடம் மெல்லச் சொன்னான்: "நடேசா, உனக்காகத்தாண்டா அப்படிச் சொன்னேன். மூணாம் மனுஷன்கிட்ட எதுக்கு மகள் கிகள்னு? கௌரவமா இருக்குமா?"

காதர் பாய்க்குப் பொறுக்கவில்லை. "யோவ் வக்கீலய்யா, அந்தப் புள்ள காலையிலேர்ந்து உம்ம பையைச் சுமந்துச்சுய்யா. ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை ஒழுங்கா சொல்ல வாய் வரலியா உமக்கு?"

அவன் வாடகை மோட்டார் ஒன்று பிடித்து, அப்போதே சிங்கப்பூருக்குப் போய்விட்டான்.

பாய் காரை ஓட்டிக்கொண்டு போய்ச் செல்லம்மாளை அழைத்துவந்தார். அவள் தோட்டத்துத் துரை கையெழுத்துப் போட்ட காகிதத்தை மடியில் கட்டிக்கொண்டு, மூச்சு இரைக்க இரைக்க வந்தாள். இன்ஸ்பெக்டரைப் பார்க்கவில்லை, காகிதத்தையும் நீட்டவில்லை. நேரே அந்த அறைக்குள் போய், "ஏண்டி, ஏதாவது சாப்பிட்டியா?" என்றாள். அதுவரைக்கும் அழாமல் இருந்த மங்களம் அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள். இன்ஸ்பெக்டர் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத் தொப்பியை எடுத்து மேஜைமேல் வைத்தார். "கொண்டு போங்கள்" என்றார்.

5

வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டோம். ஆனால் ஒருமுறை எழுதினதை அழிக்கும் வழக்கம் எந்தச் சர்க்காருக்கும் இல்லை. மறுவாரம் ஆபீசுக்கு வரும்படி உத்தரவு வந்தது. துரையின் காகிதம் செல்லாது என்றார்கள். தத்துப் பத்திரம் எழுதித் தருகிற அதிகாரம் தோட்டத்துத் துரைக்குக் கிடையாதாம். மங்களத்தின் பேரில் ஒரு பைல் திறந்தார்கள். வேலைக்காரியென்று ஒருவர் சாட்சி சொன்ன பெண், மகளென்று வளர்ப்பவர்கள் சொல்லும் பெண், ஆகவே கண்காணிப்பில் இருக்கவேண்டியவள் என்று முடிவு செய்தார்கள்.

அன்று முதல் சில மாதங்களுக்கு ஒருமுறை அந்த ஆபீசிலிருந்து ஓர் அம்மாள் எங்கள் வீட்டுக்கு வருகிறாள். நல்லவள்தான், குற்றம் சொல்லமாட்டேன். மங்களத்தைத் தனியாகக் கூப்பிட்டுக் கையைப் பார்க்கிறாள், முதுகைப் பார்க்கிறாள், அடிக்கிறார்களா, வயிறாரச் சோறு போடுகிறார்களா, எங்கே படுக்க வைக்கிறார்கள் என்று கேட்கிறாள். செல்லம்மாள் அப்போதெல்லாம் சமையலறையில் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்பாள்.

ஒருமுறை அந்த அம்மாள் போன பிறகு மங்களம் கேட்டாள்: "அம்மா என்னை அடிக்கவே கூடாதா இனிமே?"

"ஏம்மா?" என்றேன்.

"நேத்து பால் பொங்கி வழிஞ்சிருச்சு. நீங்க பார்த்தீங்கல்ல? அம்மா கை ஓங்கிட்டு, அப்புறம் இறக்கிட்டாங்க."

பெற்றவளாக இருந்தால் அந்தக் கை முதுகில் இறங்கியிருக்கும். அடி விழுந்து, அழுது, அரை நாழிகையில் மறந்தும் போயிருக்கும். எங்கள் வீட்டில் அந்த உரிமை போய்விட்டது. தெருவில் சீனப் பிள்ளைகளைக் கண்டால் மங்களம் இப்போது கொஞ்சம் நின்று அவர்கள் பேச்சைக் கேட்கிறாள். கேட்டுவிட்டு வந்து எனக்குத் தெரியாமல் உதட்டுக்குள் சொல்லிப் பார்க்கிறாள். அதைத் தடுக்க எனக்கு மனம் வரவில்லை, கேட்டுக்கொண்டிருக்கவும் முடியவில்லை.

6

அடுத்த வருஷம் வைத்திலிங்கம் தன் மலாய் நாட்டுப் பிரயாணத்தைப் பற்றி இந்தப் பத்திரிகையில் எழுதினான். பத்திரிகை முதலில் என் கையில்தான் கிடைத்தது. கிடங்கில் உட்கார்ந்து படித்தேன். மசூதியைப் பற்றி அழகாக எழுதியிருந்தான். என்னைப் பற்றியும் நல்ல வார்த்தைகள்தான். அதற்குக் கீழே இப்படி இருந்தது: 'நண்பர் வீட்டில் ஊழியம் செய்யும் சீனச் சிறுமி ஒருத்தி நம் தமிழைக் கிளிபோல் மிழற்றுவது கேட்பதற்கு வேடிக்கையாயிருந்தது.' பக்கத்தில் படம். புலிக் கூண்டு, தோல் பை, குடை, மங்களம். போலீஸ் ஸ்டேஷனைப் பற்றி ஒரு வரி இல்லை.

பத்திரிகையைக் கிழித்துப் போட நினைத்தேன். ஒவ்வொரு மாதமும் அதற்காகக் காத்திருப்பவள் மங்களம். செல்லம்மாளுக்கு எழுத்து தெரியாது. மங்களம்தான் முதல் பக்கத்திலிருந்து கடைசி விளம்பரம் வரைக்கும் அவளுக்குப் படித்துக் காட்டுவாள். இந்த மாதம் வரவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம் என்று சைக்கிள் பெட்டிக்கு அடியில் வைத்தேன். நான் முகம் கழுவிவிட்டு வருவதற்குள் அவள் எடுத்துவிட்டாள்.

கிணற்றடியில் நின்றபடியே கேட்டேன். அவள் குரல் தடங்கலில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. பாலம் வந்தது, மசூதி வந்தது, என் பெயர் வந்தது. அந்த வாக்கியம் வருகிற இடத்தில் என் கையிலிருந்த வாளியை மெல்லக் கீழே வைத்தேன்.

"'நண்பரின் மகள் மங்களம் நம் தமிழை அழகாகப் பேசுவது கேட்பதற்கு இன்பமாயிருந்தது'" என்று படித்தாள் மங்களம்.

அவள் குரல் கொஞ்சங்கூட மாறவில்லை.

"என்னது, மகள்னா போட்டிருக்கு?" என்றாள் செல்லம்மாள். "இன்னொரு தரம் படிடி."

இன்னொரு தரமும் அப்படியே படித்தாள். செல்லம்மாள் படத்தை வாங்கி வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தாள். நான் உள்ளே போனதும், "என்னங்க, பார்த்தீங்களா? மகள்னே எழுதிட்டாரு. அன்னிக்கு ஏதோ வாய் தவறிப்போச்சு. மனுஷன் மனசுல உறுத்திக்கிட்டே இருந்திருக்கும், பாவம். ஊருக்குப் போனா முதல்ல அவங்க வீட்டுக்குத்தான் போகணும்" என்றாள்.

மங்களம் என்னை நிமிர்ந்து பார்த்தாள். நான் ஏற்கெனவே படித்துவிட்டேன் என்பது அவளுக்குப் புரிந்திருக்கவேண்டும். பக்கத்தைத் திருப்பி, அடுத்ததாக இருந்த கதையைப் படிக்க ஆரம்பித்தாள்.

செல்லம்மாள் இன்னும் ஊருக்குப் போகிற பேச்சை விடவில்லை. நான் சரி சரி என்று தலையாட்டிக்கொண்டிருக்கிறேன். இப்போது இந்தக் குறிப்பை எழுதி அதே பத்திரிகைக்குத்தான் அனுப்புகிறேன். ஆசிரியர் அச்சிட்டால் இதையும் மங்களம்தான் அவள் அம்மாவுக்குப் படித்துக் காட்டுவாள். எங்கெங்கே மாற்றிப் படிக்கவேண்டும் என்று நான் அவளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.